பதினான்காம் மைல் மதகு

முதல் மழைக்குள் அடைப்பெடுக்க வேண்டும்
என்று தாளில் இருந்தது.
மெண்டசீனோ மலைச்சாலை, பதினான்காவது மைல்,
இரும்புக் குழாய், மூன்றடி விட்டம்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்: இலை.

வேறென்ன இருக்கும்.
ஓடைக்கரை முழுக்க ஆல்டர் மரங்கள்.
பழுக்கும்வரை பொறுக்காதவை,
பச்சையாகவே உதறிவிடும்.

லீனோ மட்டூஸ் மண்வெட்டியை இறக்கினான்.
நான் குழாயின் வாய்க்குள் குனிந்தேன்.
அழுகிய வாடை என்று நினைத்திருந்தேன்.
ஆறிப்போன தேநீரின் வாடை.

மூன்றாம் வாரலில்
விரல் ஒன்று நெளிந்தது.
கையுறைக்குள் எண்ணிப் பார்த்தேன்,
என்னுடையவை ஐந்தும் இருந்தன.

சாம்பல் பழுப்பு. ஈரத் தோல் வார்.
ஒரு முனையில் இரண்டு கருவட்டம்,
சுற்றிலும் குட்டை குட்டையாய்ச் சதைக்கதிர்.
"முறைக்கிறது பார்" என்றான் லீனோ.

முறைக்கவில்லை. அது பின்பக்கம்.
அவை கண்ணல்ல, மூக்கு.
தலை எங்கோ இலைக்கட்டுக்குள் புதைந்து தின்ன,
வால்நுனி மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து
மூச்சிழுத்துப் போகும்.
சால்மன் எண்ண வருகிற தெபீனா
போன வருடம் சொன்னது இது.
வெற்று இலையை அது தொடாதாம்,
பூஞ்சை ஏறி ஊற வேண்டுமாம்.
"உப்பேறாத மீனை எவன் தின்பான்"
என்றான் லீனோ.
அவன் பாட்டன் மீன்படகில் வந்தவன்,
எதையும் மீனில்தான் அளப்பான்.

தின்று அது கழிப்பது பொடி.
ஓடையின் கீழே, கல்லிடுக்கில்
வலை கட்டிக் காத்திருக்கும் சின்னப் புழுக்களுக்கு
அந்தப் பொடிதான் சோறு.
அவற்றுக்கும் கீழே
வாய் திறந்தபடி மீன்குஞ்சு.
இதற்கெல்லாம் தாளில் கட்டமில்லை.

மதியத்துக்குள் குழாய் திறந்தது.
தண்ணீர் ஒருமுறை விக்கி, பிறகு ஓடியது.
வாரிய இலை லாரியில் மலையாய்க் கிடந்தது.
இரண்டு வாளியை மட்டும் நான்
மேலே பாசிப்பாறைக் கசிவுக்குத் தூக்கிப் போய்க்
கவிழ்த்துவிட்டு வந்தேன்.
மிச்சமெல்லாம் குப்பைமேட்டுக்குப் போனது.
மிச்சம்தான் அதிகம்.
"எந்தக் கணக்கில் எழுதுவாய், ஐலி?"
நான் எழுதவில்லை.

மே மாதம், கிடங்கின் கழிப்பறை விளக்கில்
கால் கால் காலாய் ஒன்று.
உள்ளங்கை விரித்தாலும் அடங்காது.
துருநிறம், விலாவில் சுண்ணாம்புக் கோடு.
சிறகுக்குப் பின்னே குமிழ்வைத்த இரு காம்பு,
பறக்கையில் சமநிலை காக்கவாம்.
காத்த லட்சணம்:
சுவரில் முட்டி, கண்ணாடியில் முட்டி,
என் கன்னத்திலும் முட்டியது.

கொக்கு ஈ என்று பெயர்.
கொக்கின் காலைக் கொடுத்தவர்கள்
பொறுமையைக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

"கொசுவைத் தின்னும், விடு" என்றாள்
ரேடியோ மேசையிலிருந்து வில்மெத்.
கொசுவைத் தின்னாது.
நம்மையும் கடிக்காது.
மாதக்கணக்கில் தின்று தீர்த்த வாய் அது,
இனி அதற்கு அநேகமாக வேலையில்லை.
துணை தேடச் சில நாள்,
ஈரப் பாசியில் வாலூன்றி
கடுகைவிடச் சிறிய கரிய முட்டைகளை
ஒவ்வொன்றாய் நட ஓர் இரவு.
அவ்வளவுதான் கையிருப்பு.

லீனோ தொப்பியால் மூடிப் பிடித்தான்.
தூக்கியபோது அது வெளியே போய்விட்டது,
கதவிடுக்கு வழியாக, சாய்ந்து சாய்ந்து,
ஐந்து காலோடு.

ஆறாவது
திறந்திருந்த என் பதிவேட்டில் கிடந்தது.
முடியைவிடக் கொஞ்சம் தடிமன்.
மூன்று மூட்டு தெரிந்தது.
ஊதித் தள்ளக் குனிந்தவள்
ஊதவில்லை.

அதைச் சுற்றி வளைத்துத்தான்
அன்றைய வரியை எழுதினேன்:
பதினான்காவது மைல்.
தண்ணீர் ஓடுகிறது.
வாயில் கொஞ்சம் இலை சேர்ந்திருக்கிறது,
அக்டோபர் வரை அவசரமில்லை.